லிவர்பூல் மேல்மட்ட ரயிலை அழித்தது குண்டுகள் அல்ல

இரும்புத் தூண்கள் சரிந்து கிடக்கும் ஒரு பழைய படத்தோடு, “இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுவீச்சில் லிவர்பூல் மேல்மட்ட ரயில் அழிந்தது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தை ஒட்டி, தரைக்கு மேலே இரும்புத் தூண்கள் தாங்கிய பாதையில் ஓடிய ரயில் அது. போரில் அந்தப் பாதை அடி வாங்கியது உண்மைதான். 1941 மே மாதக் குண்டுவீச்சில் பல இடங்கள் நொறுங்கின. ஆனால் சரிசெய்து மறுபடியும் ரயில் விட்டார்கள். கடைசி ரயில் ஓடியது 1956 டிசம்பர் 30 அன்று, போர் முடிந்து பதினோரு வருடம் கழித்து!

அப்படியானால் எது கொன்றது? துரு. தண்டவாளத்தைத் தாங்கிய இரும்புத் தகடுகளுக்குக் கீழே துறைமுகத்தின் நீராவி எஞ்சின்கள் ஓடின. அவற்றின் புகையும் கரியும் ஆண்டுக்கணக்கில் இரும்பை அரித்தன. 1955-இல் ஆய்வு செய்தபோது பழுதுபார்க்க 20 லட்சம் பவுண்டு ஆகும் என்று தெரிந்தது. அந்த ரயிலை நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். அரசுடைமையான ரயில்வேயில் சேரவில்லை. அவ்வளவு பணம் அவர்களிடம் இல்லை, உதவி கேட்டும் கிடைக்கவில்லை. 1957-இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

1893-இல் திறந்தபோது, மின்சாரத்தில் ஓடிய உலகின் முதல் மேல்மட்ட ரயில் அது. மழையில் அதன் அடியில் ஒதுங்கிய துறைமுகத் தொழிலாளர்கள் வழியாக, ‘தொழிலாளர் குடை’ என்றே பெயர் பெற்றது. அப்படி ஒன்றைக் காப்பாற்ற யாரும் முன்வரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். குண்டின் மேல் பழி போட்டால் அந்தக் கைவிடல் மறைந்துபோகிறது. அதன் பெட்டி ஒன்று இன்றும் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.