சார் இல்லையாம்மா?

காலை 9.15க்கு ஷேர் மார்க்கெட் திறக்கும். 9.16க்கு போன் அடிக்கும். எடுத்தால் முதல் கேள்வி, "சார் இல்லையாம்மா?" வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பங்கு புரோக்கர் கிளையில் 11 வருடமாக டீலர் நான். ஆர்டர் போடுவது நான், ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டம் இதற்கு மேல் போகாமல் விற்றுவிட வைத்த விலை, நெருங்கினால் கூப்பிட்டுச் சொல்வதும் நான். ஆனாலும் சார் வேண்டும். சரி, அது பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. 2022இல் சித்ரா ராமகிருஷ்ணா செய்தி வந்த நேரம். என்எஸ்இ என்கிற தேசியப் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தபோது யாரோ இமயமலைச் சாமியாருக்கு உள்விவகாரங்களை மெயிலில் அனுப்பினார் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவு போட்டது. மார்ச்சில் சிபிஐ கைது செய்தது. அந்த வாரம் கையெழுத்துப் போட வந்த ஒரு பெரியவர், "பொம்பளைங்க கையில கொடுத்தா இப்படித்தாம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். என்னையும் சேர்த்துச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் 1992இல் ஹர்ஷத் மேத்தா பங்கு மோசடி காலத்தில் பணம் விட்டவர். அந்தக் கதையைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட "ஆம்பளைங்க கையில கொடுத்தா" என்று ஆரம்பித்ததில்லை.

அதே 1992இல் பதிவான என்எஸ்இயை முதலிலிருந்து கட்டிய சின்னக் குழுவில் சித்ராவும் ஒருவர். தலைமைக்கு வந்தது 2013இல். தப்பு செய்திருந்தால் தண்டிக்கட்டும். அதை ஏன் என் லெட்ஜரில் பற்று எழுதுகிறீர்கள்?

நியூயார்க்கில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1967இல் 1,365 ஆண்களுக்கு நடுவே முதல் பெண்ணாக மியூரியல் சீபர்ட் அந்த ஊர்ப் பங்குச் சந்தையில் உறுப்பினர் இடம் வாங்கினார். அந்தச் சந்தைக்கு ஸ்டேசி கன்னிங்ஹாம் முதல் பெண் தலைவராக வர 2018 ஆனது.

இங்கே 2013 கம்பெனிச் சட்டம், சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், ஒரு பெண்ணாவது வேண்டும் என்றது. பல இடங்களில் முதலாளி வீட்டு அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் 2019 ஏப்ரலிலிருந்து, சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளில், முதலாளியோடு தொடர்பில்லாத சுயேச்சைப் பெண் இயக்குநர் இருந்தே ஆகவேண்டும் என்றது செபி. மறுவருடம் அது 1,000 ஆனது. நல்லதுதான். ஆனால் போர்டு நாற்காலி வேறு. சர்வைலன்ஸ் (வியாபாரக் கண்காணிப்பு), கிளியரிங் (பணம், பங்கு கைமாற்றும் கணக்கு), டெக்னாலஜி என்று தினமும் சந்தையை ஓட்டுகிற நாற்காலி வேறு. நாளைய தலைவர் அங்கிருந்துதான் வரவேண்டும். அந்த அறைகளில் எத்தனை பெண்கள், எத்தனை வருடத்தில் பதவி உயர்ந்தார்கள் என்று பங்குச் சந்தைகள் வருடா வருடம் வெளியிடட்டும். கம்பெனிகளிடம் எத்தனை கணக்கு கேட்கிறார்கள்!

வேலூர்க்காரர்களுக்கு இது புரியாததா? 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்களைச் சேர்த்ததே 1947இல்தான். அதிலிருந்து வளர்ந்த சிஎம்சி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பெண்ணாக இருந்தால் இந்த ஊரில் யாரும் "சார் இல்லையா" என்று கேட்பதில்லை.

எங்கள் கிளையில் போன வருடம் மேனேஜர் இடம் காலியானது. "ஆற்காடு, ஆம்பூர்னு அலையணும்மா, உனக்குச் சரிப்படாது" என்றார்கள். நான் வாலாஜாவிலிருந்து ஆற்காட்டைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் வருகிறேன். அந்த இடத்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு மார்ஜின் கணக்கை, அதாவது வியாபாரத்துக்கு முன்பணம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.