வவுச்சரில் ஐந்து மணி என்று போட்டேன்

பதினாறு வருடம் ஃபோர்ட் கொச்சியில் கதகளி டிக்கெட் விற்றிருக்கிறேன். ஊர் வந்தவாசிப் பக்கம், மலையாளம் அங்கே போய்க் கற்றுக்கொண்டது. ஒரு டிராவல் ஏஜென்சியில் க்ரூப் புக்கிங் மேசை என்னுடையது. பிரெஞ்சுக்காரர்கள் முப்பது பேர், குஜராத்திக் குடும்பங்கள் இரண்டு பஸ், கப்பலிலிருந்து இறங்குகிற கூட்டம் என்று யார் வந்தாலும் சரி, சாயங்காலம் அவர்களை ஒரு அரங்கில் உட்கார வைப்பது என் பொறுப்பு.

அதனால்தான் "டூரிஸ்ட் கதகளி எல்லாம் போலி, விடிய விடிய ஆட வேண்டியதை ஒரு மணி நேரமாக நறுக்கி விற்கிறார்கள்" என்று யாராவது எழுதினால் சுருக்கென்று தைக்கிறது. நறுக்கி விற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் நறுக்கியதே பாவம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த இடத்தில் நறுக்கினோம் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

கோயில் கதகளியில் மட்டும் முழுக்கதையா ஆடுகிறார்கள்? ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று கதைகள், ஒவ்வொன்றிலும் பேர்போன கட்டங்கள் மட்டும். உண்ணாயி வாரியரின் நளசரிதம் நான்கு நாள் ஆட்டம். அதில் 'இரண்டாம் நாள்' மட்டும் வைத்தாலே ஊர் திரண்டு வரும். பார்க்கிறவர்களிலும் பாதிப் பேர் நடுவில் கண்ணயர்ந்து, பிடித்த வேஷம் வரும்போது எழுந்து உட்காருவார்கள். இதில் எனக்கு அதிசயம் எதுவும் இல்லை. எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் நானும் பாயில் சுருண்டு தூங்கி, துச்சாதனன் வரும்போது அம்மா தட்டி எழுப்பிப் பார்த்தவன்தான்.

டிக்கெட் விற்பதையே கேவலமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. கதகளி நடக்கிற அன்று அந்தி நேரத்தில் செண்டையும் மத்தளமும் சேர்த்து வாசிப்பார்கள். கேளிகொட்டு என்று பெயர். இன்றைக்கு இங்கே ஆட்டம் உண்டு, வாருங்கள் என்று சுற்று வட்டாரத்துக்கே சொல்கிற அறிவிப்பு அது. நான் மின்னஞ்சலில் செய்ததை அவர்கள் தோலில் அடித்துச் செய்தார்கள். அவர்கள் கமிஷன் வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

சரி, எங்கே நறுக்கினோம்? ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை.

கொச்சி அரங்குகளில் ஆறு, ஆறரைக்கு ஆட்டம் என்றால் ஐந்து மணிக்கே மேடையில் தேப்பு, அதாவது முகத்தில் வண்ணம் தீட்டுவது, ஆரம்பித்துவிடும். கோயிலில் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கிற ஒப்பனை, இங்கே கொஞ்சம் சுருக்கமாக, எல்லார் கண் முன்னாலும். மனயோலைக் கல்லை அரைத்தால் மஞ்சள், அதில் நீலம் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் பச்சை. நடிகர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முதல் கோடுகளைத் தானே போட்டுக்கொள்வார். அப்புறம் பாயில் மல்லாந்து படுத்துவிடுவார். சுட்டிக்காரர் என்கிற ஒப்பனைக் கலைஞர் தலைமாட்டில் உட்கார்ந்து அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த கூழைத் தாடையோரமாக வரி வரியாக வைத்து, வெட்டிய வெள்ளைக் காகிதத்தை அதில் பதிப்பார். கூழ் காயும்வரை தாடை அசையக் கூடாது. அதனால் பல பேர் தூங்கிவிடுவார்கள். பாதி முகம் வீமனாகவும் பாதி முகம் வீட்டுக் கவலைகளோடும் குறட்டை விட்டுத் தூங்குகிறவரை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். மேடை ஏறுவதற்கு முன்னால் கண்ணிமைக்குள் சுண்டப்பூ என்கிற சின்ன விதையை வைத்து உருட்டுவார்கள், கண் சிவந்துவிடும்.

இதைப் பார்த்தவன் ஆட்டத்தின்போது கடிகாரத்தைப் பார்க்க மாட்டான். அந்த முகத்துக்குள் யார் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் தொழிலில் இட்டினரி என்று ஒன்று இருக்கிறதே. காலையில் படகு, மத்தியானம் மட்டாஞ்சேரி, சாயங்காலம் சீனவலைப் பக்கம் சூரிய அஸ்தமனம், அப்புறம் கதகளி, அப்புறம் டின்னர். அஸ்தமனமும் தேப்பும் ஒரே நேரத்தில் வரும். சூரியன் இலவசம், போட்டோ நன்றாக விழும். தேப்பு தோற்றுப்போகும். ஆறு இருபதுக்கு வியர்க்க விறுவிறுக்க பஸ்ஸிலிருந்து இறங்கி, இருட்டில் நாற்காலி தடவி உட்கார்ந்தால், எதிரே பச்சை முகத்தில் ஒருவர் கண்ணை உருட்டிக்கொண்டிருப்பார். பத்தாவது நிமிடம் செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். நம் ஊர் க்ரூப்புகள் இன்னும் வெளிப்படை. "சார், அரை மணியில முடிச்சுருவாங்களா? பசங்களுக்குப் பசிக்குது" என்று உள்ளே போகும்போதே கேட்பார்கள்.

ஒரு தடவை கப்பல் கூட்டம். சாயங்காலமே கப்பல் கிளம்புகிறது, மத்தியானம் ஸ்பெஷல் ஷோ வேண்டும், நாற்பதே நிமிடம். வேஷத்தை முன்னாலேயே முடித்து வைத்துவிடுங்கள் என்று ஆசானிடம் கேட்டேன். அறுபது தாண்டியவர். கோபப்படவில்லை. "முகம் எழுதி முடிச்சப்புறம் வர்றவங்களுக்கு நான் பொம்மை, மோனே. எழுதுறப்ப வந்தா, பல்லு ரெண்டு போன கிழவன் வீமனாகிறதைப் பார்ப்பாங்க" என்றார் மலையாளத்தில். செய்தும் கொடுத்தார். கூட்டம் கைதட்டிவிட்டுப் போனது. பணமும் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய், நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை.

அடுத்த சீசனிலிருந்து ஒரு திருட்டுத்தனம் செய்தேன். வவுச்சரில் 'நிகழ்ச்சி 5.00 மணி' என்று அடித்தேன். அஸ்தமனத்தை மறுநாளுக்குத் தள்ளினேன். கைடுகள் திட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தாய் என்று ஒரு டூர் லீடர் புகாரே எழுதினார். ஆனால் அவருடைய க்ரூப்பில் இரண்டு பேர் மறுநாள் தங்கள் கைக்காசில் டிக்கெட் வாங்கி, ஐந்து மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ரிப்பீட் வியாபாரம் தேப்பு பார்த்தவர்களிடமிருந்துதான்.

கமிஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிரைவருக்கு ஒரு பங்கு, கைடுக்கு ஒரு பங்கு, ஏஜென்சிக்கு ஒரு பங்கு. எந்த அரங்குக்குப் போவது என்பதைப் பல நாள் ஆட்டம் தீர்மானிக்காது, இந்தப் பங்குதான் தீர்மானிக்கும். பங்கு ஏற ஏற அரங்கத்துக்காரர் கை வைக்கிற முதல் இடம், நான் பார்த்தவரை, பாட்டு. பொன்னானி என்கிற முதன்மைப் பாடகரும் சிங்கிடி என்கிற துணைப் பாடகருமாக இரண்டு பேர் பாட வேண்டியதை ஒருவரே பாடிக்கொண்டிருப்பார். வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்ற தைரியம்தான். நானும் அந்தப் பங்கை வாங்கியவன். நறுக்குவதைப் பற்றிப் பேசுகிற ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் 15ஆம் தேதி மூடி 29ஆம் தேதிதான் திறந்தது. எனக்கு அது கேன்சலேஷன் மெயில்கள். நான் பழகிய கலைஞர்களுக்கு ஷோ இருந்தால்தான் கூலி. சுட்டிக்காரர் ஒருவர் தினமும் ஆபீஸுக்கு வந்து "க்ரூப் ஏதாவது?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். 2020இல் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. அடுத்த வருடம் நான் ஊர் திரும்பிவிட்டேன்.

கொச்சி போகிறவர்கள் இன்னும் எனக்கு போன் செய்து எந்த அரங்கு நல்லது என்று கேட்கிறார்கள். அரங்கு எதுவானாலும் ஐந்து மணிக்குப் போங்கள். அஸ்தமனம் நாளைக்கும் உண்டு. பாயில் படுத்திருக்கிறவர் தூங்குகிறார் என்றால், செல்பிக்காக எழுப்பாதீர்கள், தாடையில் கூழ் காயவில்லை.