ஸ்ட்ராபெரி மேல் எவ்வளவு சாக்லேட்?

சாப்பாடு முடிந்ததும் நாக்கு இனிப்பைத் தேடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்த ஆசையை அடக்கித்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அடக்கி வைத்த ஆசை ராத்திரி பதினொரு மணிக்கு அலமாரியைத் திறக்க வைக்கும். அதனால் நாக்குக்கு எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று மட்டும் யோசிக்கிறேன். இப்போதைக்கு எனக்குப் பிடித்த விடை: சாக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெரி. நல்ல பெரிய பழமாக மூன்று, கறுப்புச் சாக்லேட், மெல்லிய பூச்சு.

இதைச் சொன்னதுமே இரண்டு கட்சி கிளம்பும். "பழம்தானே, எத்தனை வேணும்னாலும் சாப்பிடலாம்" என்பது ஒரு கட்சி. "சாக்லேட்டில் முக்கின பிறகு அது என்ன பழம், மிட்டாய்தான்" என்பது இன்னொன்று. இரண்டு பேருமே கணக்குப் போடாமல் பேசுகிறார்கள். போட்டுப் பார்ப்போம்.

100 கிராம் ஸ்ட்ராபெரியில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர். கலோரி 32. சர்க்கரை சுமார் 5 கிராம். அதே 100 கிராம், கோகோ 70 சதவீதத்துக்கு மேல் உள்ள கறுப்புச் சாக்லேட் என்றால் 600 கலோரியை ஒட்டி வரும். இப்போது 20 கிராம் எடையுள்ள ஒரு பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தின் பங்கு 6 கலோரிதான். அதன்மேல் 8 கிராம் சாக்லேட் ஒட்டினால் 48. ஆக ஒன்றுக்கு 55 கலோரிக்குள், மூன்றுக்கு 165-க்குள். அதில் பழத்தால் வருவது 20-க்குள்தான், மீதி அத்தனையும் சாக்லேட்.

பூச்சு தடித்துப் போய் ஒரு பழத்துக்கு 15 கிராம் ஒட்டியது என்று வையுங்கள். மூன்று பழமும் 290 கலோரியைத் தொடும். 50 கிராம் சாக்லேட்டை அப்படியே சாப்பிட்டாலும் 300தான். அப்புறம் லேசான இனிப்பு என்று சொல்வதில் என்ன இருக்கிறது? பழம் அதே பழம், கை கனத்ததுதான் வித்தியாசம். அதனால்தான் கடைகளில் கிடைக்கும், சாக்லேட் போர்வைக்குள் பழத்தைத் தேட வேண்டிய வகையை நான் வாங்குவதில்லை. மேலே வெள்ளைச் சாக்லேட் கோடு, அதற்கு மேல் வண்ணச் சர்க்கரை உருண்டை, நொறுக்கிய பிஸ்கட். பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு அலங்காரமும் பழத்தின் புளிப்பை ஒரு படி அமுக்குகிறது.

அந்தப் புளிப்புதான் எனக்கு முக்கியம். கடித்ததும் முதலில் ஓடு உடையும் 'டக்' என்ற சின்னச் சத்தம். உடனே சாறு பொங்கும், லேசான புளிப்போடு. சாக்லேட் சற்றுப் பின்தங்கித்தான் வரும், ஏனென்றால் அது உருக வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கோகோ பட்டர், நன்றாகப் பதப்படுத்தியிருந்தால், 33, 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் வாய்க்குள் அதைவிடச் சூடு இருக்கிறது. அதனால் பழம் போன பிறகும் அந்தக் கசப்பும் மணமும் நாக்கில் நின்று கரையும். ஒரு பழத்துக்கு இரண்டு கடி, நிதானமாக மெல்ல வேண்டும். மூன்று பழமும் சாக்லேட்டுமாக 84 கிராம் தின்றிருப்போம். வெறும் சாக்லேட்டில் இதே கலோரி 28 கிராமுக்குள் முடிந்துவிடும். பேசிக்கொண்டே இருக்கையில் கை அடுத்த துண்டுக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், நிறைவைத் தருவதில் பாதி வேலை இந்த மெல்லுவதற்கும் சாறுக்கும்தான்.

சர்க்கரைக் கணக்கும் பார்த்துவிடலாம். உலக சுகாதார அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள், அதாவது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. ஆக எண்ண வேண்டியது சாக்லேட்டில் இருப்பதை மட்டும். மூன்று பழத்துக்கு 24 கிராம் கறுப்புச் சாக்லேட் என்றால் 6, 7 கிராம் சர்க்கரை. பால் சாக்லேட் என்றால் எடையில் பாதி சர்க்கரை, 12 கிராம் ஆகிவிடும். வெள்ளைச் சாக்லேட் அதற்கும் மேலே. பிராண்டுக்கு பிராண்ட் கொஞ்சம் மாறும், உறையின் பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் என் கணக்கை வைத்து முடிவு எடுக்க வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

உறையைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். கொழுப்பு என்ற இடத்தில் கோகோ பட்டர் இருக்கிறதா, அல்லது பாமாயில் வகைக் கொழுப்பா? பின்னது 'காம்பவுண்ட்' எனப்படும் பூச்சு. வேலைக்குச் சுலபம், சீக்கிரம் இறுகும், பளபளக்கும். ஆனால் வாயில் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். ருசி குறைவாக இருப்பதால் அளவு கூடத்தான் செய்யும். குறைவாகச் சாப்பிடப் போகிறோம் என்றால் அந்தக் குறைவான அளவாவது அசல் சாக்லேட்டாக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம்.

பழத்திலும் இதே பிடிவாதம் வேண்டும். ஸ்ட்ராபெரியைப் பறித்த பிறகு சிவப்பு கொஞ்சம் கூடலாம், இனிப்பு கூடாது. மாம்பழம் மாதிரி வீட்டில் வைத்துக் கனிய வைக்க முடியாது. வாங்கும்போதே இலைக்குக் கீழே தோள்பட்டையைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக இருந்தால் விட்டுவிடுங்கள். மணம் வர வேண்டும். சப்பென்ற பழத்தை வாங்கினால் அதைச் சரிக்கட்ட இனிப்பான சாக்லேட் தேவைப்படும், அதுவும் தடிமனாகத் தேவைப்படும், நாம் ஆரம்பித்த இடத்துக்கே போய்விடுவோம்.

தோய்த்துத் தின்னும் அளவுக்குப் பெரிய பழம் கிடைத்ததே ஒரு கதை. ஐரோப்பாவில் காடுகளில் விளைந்த ஸ்ட்ராபெரி விரல் நுனி அளவுதான் இருக்கும். 1714-ல் ஃப்ரெஸியே என்ற பிரெஞ்சு அதிகாரி சிலி நாட்டிலிருந்து பெரிய காய் காய்க்கும் செடிகளைக் கொண்டுவந்தார். அது வட அமெரிக்க வகையோடு கலந்து பிறந்ததுதான் இன்று நாம் தின்னும் பழம். கோகோவுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான். பொருத்தம் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது.

இனி கைவேலை. இங்கே எதிரி ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். பழத்தை இலையோடு கழுவுங்கள், துணியில் பரப்புங்கள், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் துடையுங்கள். இலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு துளி பதுங்கியிருக்கும். அதையும் ஒற்றி எடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழம் என்றால் வெளிச்சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் மேலே வியர்த்துக்கொண்டே இருக்கும். உருகிய சாக்லேட்டில் கொஞ்சமே கொஞ்சம் ஈரம் பட்டாலும் அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். வழவழப்பாக ஓடிக்கொண்டிருந்தது கண் முன்னாலேயே திரித்திரியாக இறுகிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது ஆவி உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

உருக்குவதில் பொறுமை வேண்டும். கோகோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. பளபளப்பும் 'டக்' சத்தமும் தருவது ஐந்தாவது வகை மட்டும். அதை வரவழைக்க ஒரு சுலப வழி: சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் 45 டிகிரி அளவுக்கு உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, மீதிப் பங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். 31, 32 டிகிரிக்கு இறங்கும்போது தோய்க்கலாம். வெப்பமானி இருந்தால் நல்லது. இந்தச் சிரமம் எதற்கு என்றால், இப்படிப் பதப்படுத்திய சாக்லேட் மெல்லியதாக இருந்தாலும் உடையும். பதப்படுத்தாதது பிசுபிசுத்து விரலில் ஒட்டும், அது ஓடு மாதிரித் தெரிய வேண்டுமென்றால் தடிமன் கூட்ட வேண்டியிருக்கும்.

இலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, பழத்தை முக்கால் பாகம் இறக்கி, ஒரு சுழற்று சுழற்றித் தூக்குங்கள். சொட்டட்டும். லேசாகக் குலுக்குங்கள். பிறகு அடிப்பக்கத்தைக் கிண்ண விளிம்பில் ஒருமுறை வழித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் காகிதத்தில் வைத்ததும் வழிந்து, பழத்துக்கு அடியில் தட்டையாக ஒரு பாதம் படியும். பூச்சில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தப் பாதத்தில் கோட்டை விட்டுவிடுவோம்.

வீட்டில் நாய் இருந்தால் ஆற வைத்திருக்கும் தட்டு அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு விஷம். கறுப்புச் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம்.

இந்த இனிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த குணம், இதைச் சேர்த்து வைக்க முடியாது என்பது. சாக்லேட் பெட்டி மாதக்கணக்கில் அலமாரியில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இது சில மணி நேரத்திலேயே சாறு விட ஆரம்பிக்கும். மறுநாள் ஓட்டுக்கும் பழத்துக்கும் நடுவே ஈரம் கோத்து, கடித்தால் பூச்சு தனியாக நழுவும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே ஈரம் படிந்து, காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். அதனால் ஆளுக்கு மூன்று என்று எண்ணித்தான் பழத்தைக் கழுவுகிறேன். சாக்லேட்டைத் தோய்ப்பதற்கு வசதியாகக் கொஞ்சம் கூடுதலாகத்தான் உருக்க வேண்டியிருக்கும். அதில் ஈரம் சேராத வரை கவலையில்லை. காகிதத்தில் ஊற்றிப் பரப்பி, இறுகியதும் உடைத்து டப்பாவில் போட்டால் அடுத்த முறைக்கு அப்படியே உருக்கலாம்.