டங்கன் ராபின்சன் பற்றிச் சுற்றும் தகவல் சரியா?

"எந்த அணியும் எடுக்காத டங்கன் ராபின்சன், சின்னக் கல்லூரியிலிருந்து நேராக என்பிஏவுக்குப் போய், ஸ்டீபன் கரியின் மூன்று புள்ளி சாதனையை உடைத்துவிட்டார்." அமெரிக்கக் கூடைப்பந்து வீரரான இவரைப் பற்றி இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என்பிஏ என்பது அங்குள்ள தொழில்முறை கூடைப்பந்து லீக்; கரி அதன் நட்சத்திர வீரர்; மூன்று புள்ளி என்பது தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் கூடை. பாதிதான் உண்மை.

என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் 60 பேரில் ஒருவராகக்கூட அவர் தேர்வாகவில்லை என்பது சரி. ஆனால் நேராகப் போகவில்லை. கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடும் வில்லியம்ஸ் கல்லூரியில் ஒரு வருடம், அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகம். கல்லூரி மாறுவோருக்கான அப்போதைய விதிப்படி அங்கே ஒரு சீசன் ஆடாமல் காத்திருந்தார். பிறகு என்பிஏவின் மயாமி ஹீட் அணியில் இருவழி ஒப்பந்தம், அதாவது அந்த அணிக்கும் அதன் துணை லீக் அணிக்கும் சேர்த்து ஆடும் ஒப்பந்தம்.

2019-20இல்தான் அவர் யாரென்று தெரிந்தது: 270 மூன்று புள்ளி கூடைகள்; எறிந்ததில் 44.6 சதவீதம் விழுந்தன. பந்து கையில் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருப்பார். அப்போதைய சக வீரர் பேம் அடபாயோ எதிராளியை மறித்து நிற்க, அந்தத் திரையைச் சுற்றி வந்து, பந்தை வாங்கிய நொடியில் எறிவார். அவரைத் துரத்தியே எதிரணித் தடுப்பு கலைந்துவிடும். புள்ளிப் பட்டியலில் வராத இந்த உழைப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சாதனை விஷயம் வேறு. 2024 ஜனவரியில், 343 ஆட்டங்களில் 1,000 மூன்று புள்ளி கூடைகளை எட்டி, குறைந்த ஆட்டங்களில் அதை எட்டியவர் ஆனார். மொத்த எண்ணிக்கையில் கரியே முதலிடம். 2025 மார்ச்சில் 4,000ஐத் தாண்டினார். என்பிஏ இணையதளத்தின் வீரர் பக்கங்களில் நீங்களே பார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.