ஜன்னலை அடைத்த நீர்மூழ்கி

சென்ற மே மாதம் ஓர் இரவு, மின்விசிறியின் இரைச்சல்கூடக் குறுக்கே வரக்கூடாது என்று அதை நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'அயர்ன் லங்' என்ற கேமை இரண்டாவது முறையாக ஆடினேன். அதன் முடிவு எனக்கு முன்பே தெரியும். எந்த இடத்தில் எது வரும் என்பதும் ஓரளவு நினைவில் இருந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறை புகைப்படப் பொத்தானை அழுத்தப் போகும்போதும் கை சற்றுத் தயங்கியது. தெரிந்த ஒன்றுக்குக் கை ஏன் தயங்க வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. தனி ஒருவராக அமர்ந்து இத்தகைய கேம்களை உருவாக்குகிறவர்களைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்ததை அந்தக் கேள்வியை வைத்தே எழுதுகிறேன். கேமின் சில இடங்களை விவரிக்காமல் இதை எழுத முடியாது. ஆடப் போகிறவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்து படிக்கலாம்.

அமெரிக்கரான டேவிட் ஷிமான்ஸ்கி 2022 மார்ச்சில் 'அயர்ன் லங்'கை வெளியிட்டார். அதன் கதை மிகச் சுருக்கமானது. விண்மீன்களும் மனிதர் வாழத்தக்க கோள்களும் ஒருநாள் காரணமே தெரியாமல் மறைந்துவிடுகின்றன. விண்வெளி நிலையங்களிலும் விண்கலங்களிலும் இருந்த சிலர் மட்டும் எஞ்சுகிறார்கள். ஒரு வெறுமையான துணைக்கோளில் இரத்தக் கடல் ஒன்று இருப்பது தெரியவருகிறது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவர ஒரு கைதியை அனுப்புகிறார்கள். உயிரோடு திரும்பினால் விடுதலை என்பது பேச்சு. அந்தக் கைதி நாம்தான். நம்மை ஏற்றி அனுப்பும் நீர்மூழ்கி துருப்பிடித்த தகரப் பெட்டிக்குச் சற்று மேல். ஆழத்தின் அழுத்தத்தைக் கண்ணாடி தாங்காது என்பதால் அதற்கிருந்த ஒரே ஜன்னலையும் இரும்பால் மூடிவிடுகிறார்கள். நாம் ஏறிய கதவையும் வெளியிலிருந்து பற்றவைத்து அடைத்துவிடுகிறார்கள்.

ஆக, கடலுக்குள் போகிற நமக்குக் கடல் தெரியாது. முன்பக்கம் ஒரு வரைபடமும், கலம் இருக்கும் இடத்தை எண்களாகக் காட்டும் ஒரு பலகையும், முன்னே, பின்னே, இடம், வலம் என்று சில பொத்தான்களும் உள்ளன. பாறை நெருங்கினால் உணர்கருவி ஒலி எழுப்பும்; நெருங்க நெருங்க ஒலி விரைவாகும். வரைபடத்தில் குறித்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று எண்களைக் கொண்டு உறுதி செய்தபின், திரும்பி நான்கைந்து அடி நடந்து கலத்தின் பின்புறம் போய், அங்குள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே கேமரா ஒரே ஒரு படம் எடுக்கும். சிறிது நேரம் கழித்து, மங்கலான, புள்ளி புள்ளியான, அசைவில்லாத ஒரு கறுப்பு வெள்ளைப் படம் திரையில் வரும். கடலை நாம் காண்பது அவ்வளவுதான்.

பொத்தானை அழுத்துவதற்கும் படம் வருவதற்கும் இடையிலுள்ள அந்தச் சில நொடிகளில்தான் முழுக் கேமும் இருக்கிறது என்பது என் கருத்து. பாறையைப் பார்க்கப் போகிறோமா, எலும்புக்கூட்டைப் பார்க்கப் போகிறோமா, இல்லை நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஒன்றைப் பார்க்கப் போகிறோமா என்று தெரியாத நொடிகள் அவை. படம் வந்தாலும் அது கடந்துபோன ஒரு கணத்தின் படம்தான். படத்தில் இருந்த ஒன்று இப்போது எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. சுற்றிலும் எதுவுமே இருக்கக் கூடாத இடத்தில் உணர்கருவி ஒலித்தால், அது பாறையா வேறொன்றா என்பதை அறியத் திரும்பவும் பின்புறம் நடந்துபோய்ப் படம் எடுத்துத்தான் ஆக வேண்டும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலுள்ள அந்தச் சில அடித் தொலைவு இவ்வளவு நீளமாகும் என்று ஆடிப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

இதை ஒரு பெரிய நிறுவனம் செய்திருந்தால் கடலை நமக்குக் காட்டியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். நூற்றுக்கணக்கான கலைஞர்களை வைத்துக்கொண்டு அவர்களது உழைப்பை இரும்பால் மூடி மறைக்க எந்த நிறுவனமும் துணியாது. காட்டினால்தான் செலவு செய்ததற்குக் கணக்குச் சொல்ல முடியும். தனி ஒருவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கடலை முழுமையாக உருவாக்குவது அவரால் ஆகாத காரியம். ஒரு தகரப் பெட்டியும் சில படங்களும் நல்ல ஒலியும் அவரால் ஆகும். ஆகாததை மறைக்க ஒரு சுவர் எழுப்புகிறார். அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே நமக்கு அச்சமாகிறது. தனி டெவலப்பரின் இயலாமைக்கும் காஸ்மிக் ஹாரர் என்ற அண்டவெளித் திகில் வகைக்கும் இப்படியொரு பொருத்தம் அமைந்திருப்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

காஸ்மிக் ஹாரர் என்பதைப் பேய்க்கதையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நம்மில் பலர். நம் ஊர்ப் பேய்க்கு ஒரு காரணம் இருக்கும். ஆசை நிறைவேறாமல் செத்திருக்கும், அநியாயமாகக் கொலையுண்டிருக்கும், புளியமரத்தில் தொங்கியிருக்கும். காரணம் இருப்பதால் பரிகாரமும் இருக்கும். அந்தப் பேய்க்கு நம் மீது கோபமாவது இருக்கிறது. காஸ்மிக் ஹாரரில் எதிர்ப்படுவதற்கு நாம் ஒரு பொருட்டே இல்லை. எறும்புப் புற்றை மிதித்துச் செல்கிறவனுக்கு எறும்பின் மீது பகை இல்லையே, அதைப் போல. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர், கணக்கற்று விரியும் அண்டங்களெல்லாம் வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசுகளாகும்படி அவற்றினும் பெரியவனாய் இறைவன் நிற்பதைப் பாடுகிறார். அதே காட்சியில் தூசுகளை மட்டும் விட்டுவிட்டு அந்தப் பெரியவனை அகற்றிவிட்டால், அல்லது அவன் நம்மை அறியவே அறியாதவன் என்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது எதுவோ அதுதான் இந்த வகையின் அச்சம்.

இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937). அவரிடம் இருந்த இனவெறுப்பு அவருடைய கடிதங்களிலும் சில கதைகளிலும் வெளிப்படையாகவே தெரிகிறது. அதை மூடி மறைத்து அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. நான் ஆடிய தனிநபர் கேம்கள் அவரிடமிருந்து வானத்தைப் பற்றிய அச்சத்தை எடுத்துக்கொண்டு, மனிதரைப் பற்றிய அச்சத்தை விட்டுவிட்டன என்பதில் எனக்கு நிம்மதி உண்டு.

லவ்கிராஃப்டின் கதைகளில், பார்த்ததைச் சொல்ல முடியவில்லை என்று கதைசொல்லி அடிக்கடி கைவிரிப்பார். எழுத்தில் அது செல்லும். கேமில், அதுவும் நம் கண்வழியே உலகம் விரியும் ஃபர்ஸ்ட் பெர்சன் கேமில், கேமராவைத் திருப்பினால் அங்கே எதையாவது காட்டித்தான் தீர வேண்டும். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒரு படைப்பாகத்தான் 'தி ஷோர்' எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கரான ஆரிஸ் டிராகோனிஸ் தனி ஒருவராக உருவாக்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட கேம் இது. காணாமற்போன மகளைத் தேடும் ஒரு தந்தை, ஆளரவமற்ற ஒரு தீவின் கரையில் நடக்கிறார். ஈரப் பாறைகள், அலை, கலங்கரை விளக்கம், மேகம் கவிந்த வானம் என்று அதன் முதற்பகுதியின் அழகை நான் இன்றும் மறக்கவில்லை. பின்னர் கடலிலிருந்து மலையளவு உருவங்கள் எழுகின்றன. ஒரு மனிதர் தன்னந்தனியாக இதைச் செதுக்கினாரா என்ற வியப்பு எழாமல் இருக்க முடியாது.

ஆனால் அந்த வியப்புதான் அச்சத்தைத் தின்றுவிடுகிறது. உருவத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாகத் தெரிகிறபோது, நின்று ரசிக்கத் தொடங்கிவிடுகிறேன். அருங்காட்சியகத்தில் நிற்பவனின் மனநிலை அது. அடுத்து, கையில் ஆயுதம் போன்ற ஒரு பொருள் வந்து சேர்கிறது. அதன் பிறகு துரத்தல்கள். ஓடித் தப்ப முடியாமல் முதல்முறை சாகும்போது நெஞ்சு பதறுகிறது. மூன்றாம் முறை அதே இடத்தில் அதே உருவத்திடம் சாகும்போது, அது எந்தத் திசையில் திரும்பும், எத்தனை நொடி கழித்துப் பாயும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். கணக்குக்குள் அடங்கிய எதற்கும் யாரும் அஞ்சுவதில்லை. இதை டிராகோனிஸின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் இருந்த திறமை மிகுதி. அந்த மிகுதியே இந்த இடத்தில் அவருக்கு எதிராகத் திரும்பியது என்றே வருத்தத்தோடு சொல்கிறேன்.

தனி டெவலப்பர்கள் பலர் தொண்ணூறுகளில் வந்த பிளேஸ்டேஷன் என்ற கேம் இயந்திரத்தின் தோற்றத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அது பழைய நினைவில் திளைப்பதற்காக மட்டும் என்று நான் எண்ணவில்லை. அந்த முதல் பிளேஸ்டேஷனுக்கு, தொலைவுக்கேற்பப் படத்தைச் சுவரில் சரியாகப் பொருத்திக் காட்டும் திறன் கிடையாது. உருவங்களின் மூலைப்புள்ளிகளை மிகத் துல்லியமான இடங்களில் வைக்கவும் அதனால் முடியாது. எனவே நாம் நடக்கும்போது சுவர்கள் லேசாக நடுங்கும், தரையின் கோடுகள் வளைந்து நெளியும், நேரானது நேராக நிற்காது. அன்றைக்கு அது குறை. இன்றைக்கு அந்தக் குறையை மென்பொருள் கொண்டு வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவருகிறார்கள். கோணங்கள் தப்பாக இருக்கும் நகரம் என்று லவ்கிராஃப்ட் சொற்களால் திணறித் திணறி விவரித்ததை, இந்த நடுங்கும் சுவர் எந்த விளக்கமும் இல்லாமல் கண்முன் நிறுத்திவிடுகிறது. 1999இல் வந்த 'சைலண்ட் ஹில்' கேமும் தொலைவிலுள்ளதை வரைய முடியாத அந்த இயந்திரத்தின் பலவீனத்தை மூடுபனியால் மறைத்தது. அது பெரிய நிறுவனம் ஒன்றின் குழு செய்தது என்றாலும், அந்த மூடுபனியை மறந்தவர் யாருமில்லை.

விலையையும் நீளத்தையும் பற்றி ஒரு சொல். 'அயர்ன் லங்' வெளியானபோது அதன் விலை ஆறு டாலருக்கும் குறைவு. ஆடி முடிக்க ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகும். ஒரு மணி நேரத்தில் முடிவதற்கு எதற்குப் பணம் என்று கேட்கிறவர்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறேன். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும். அச்சம் நீட்டினால் நீர்த்துப் போகிற சரக்கு. பத்து மணி நேரம் இருந்தால் அந்தத் தகரப் பெட்டி நமக்குப் பழகிய அறையாகிவிடும். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தின் விதிப்படி, வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்குகிறவரைக் காக்கும் நல்ல விதிதான், ஏமாற்றுச் சரக்குகள் மலிந்த இடத்தில் அது தேவையும்கூட. ஆனால் சிறிய கேமை முழுதும் ஆடி, பாராட்டி மதிப்புரையும் எழுதிவிட்டு, பணத்தையும் திரும்பப் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். திகில் கேம்களைச் செய்துவந்த ஒரு டெவலப்பர் இதே காரணத்தைச் சொல்லி 2021இல் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஓட்டலில் இலை போட்டு வயிறாரச் சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று கையும் கழுவிவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்போமா?

2023 ஜூனில் டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கி ஐந்து பேர் மாண்டபோது, 'அயர்ன் லங்'கின் விற்பனை திடீரென உயர்ந்தது. அது தனக்குச் சரியாகப் படவில்லை என்று ஷிமான்ஸ்கி வெளிப்படையாகவே எழுதினார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் மீது எனக்கிருந்த மதிப்பு கூடியது. அந்த விபத்துக்கு அழுத்தம், உலோகம், மனிதரின் அலட்சியம் என்று விளக்கங்கள் உண்டு, விசாரணை உண்டு, துக்கம் கொண்டாட உறவினர் உண்டு. கேமில் இருக்கும் கைதிக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை.

அந்த மே மாத இரவுக்கு வருகிறேன். பாதித் தொலைவு கடந்த பிறகு, வரைபடத்தில் எந்தக் குறியும் இல்லாத ஓரிடத்தில் கலத்தை நிறுத்தினேன். உணர்கருவி ஒலிக்கவில்லை. சுற்றிலும் வெட்டவெளி என்றுதான் எண்கள் சொல்லின. பின்புறம் நடந்துபோய்ப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. படம் வந்தது. சாம்பல் நிறத்தில் புள்ளிகள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாறை இல்லை, எலும்பு இல்லை, தரை இல்லை. முன்பு இதே கேமில் பல்லோடு ஒரு முகம் திரை முழுக்க வந்து நின்றபோதுகூட அவ்வளவு நேரம் நான் அசையாமல் நின்றதில்லை. அந்தச் சாம்பலில் எது அருகில், எது தொலைவில் என்று பிரித்தறிய முயன்று கொண்டிருந்தபோது, முன்பக்கத்தில் உணர்கருவி ஒருமுறை ஒலித்து அடங்கியது.