ஹாங்காங் அரசு விமானச் சேவையின் காலியிடங்களில் கை வைக்காதீர்கள்

நான் குடியிருக்கும் லாமா தீவில் கார் ஓடும் சாலை கிடையாது. கடைசிப் படகு போன பிறகு ஒருவருக்கு நெஞ்சுவலி முற்றினால், அரசு விமானச் சேவையின் ஹெலிகாப்டர் வந்து அவரை ஹாங்காங் தீவின் சாய் வான் பகுதியில் உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அந்தச் சேவையில் ஆள் குறையுமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

2025 பிப்ரவரியில் நிதிச் செயலாளர் பால் சான் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டம், அரசு ஊழியர் அனைவருக்கும் அந்த ஆண்டின் ஊதிய உயர்வை நிறுத்தியதோடு, அடுத்த இரண்டு நிதியாண்டுகளிலும் ஆண்டுக்கு 2 சதவீதப் பணியிடங்களைக் குறைப்பதாகவும் அறிவித்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 10,000 இடங்கள். பற்றாக்குறையில் இருக்கும் அரசு சிக்கனம் பிடிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட குறைப்பில் முதலில் அடிபடுபவை காலியாகக் கிடக்கும் இடங்கள். கோப்பு நகர்த்தும் அலுவலகத்தில் நீண்ட நாள் காலியாக இருக்கும் நாற்காலி தேவையற்றதாக இருக்கலாம்; விமானச் சேவையில் அது நாளைய விமானிக்காக வைத்திருக்கும் இருக்கை.

அந்த இருக்கை ஏன் காலியாகிறது என்று பார்க்க வேண்டும். செக் லாப் கொக்கில் இந்தச் சேவையினர் இருக்கும் அதே விமான நிலையத்தில்தான் கேத்தே பசிபிக் விமான நிறுவனமும் பெரிய விமானப் பராமரிப்பு நிறுவனங்களும் இருக்கின்றன. இங்கே தேர்ச்சி பெற்ற விமானியோ பொறியாளரோ வீடு மாற்றாமலே அங்கே வேலைக்குப் போய்விடலாம். இவர்களுடைய ஊதியமோ சீருடைப் பணிகளுக்கான பொது அட்டவணைக்குள் அடங்கியது. விமானத் துறை ஆளுக்கு அலையும்போது அந்த அட்டவணை கூடவே உயர்வதில்லை. ஒருவர் போனால் அவருக்கு ஈடாக இன்னொருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். இரவில், புயல் காற்றில், ஆடும் கப்பலின் மேல் ஹெலிகாப்டரை நிலையாக நிறுத்துவதை எந்தப் பயணிகள் விமான நிறுவனமும் கற்றுத் தருவதில்லை.

2022 ஜூலை 2 அன்று சாபா புயலில் ஃபூஜிங் 001 என்ற பளுதூக்கிக் கப்பல் இரண்டாக உடைந்தபோது, ஹாங்காங்கிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பறந்துபோய் மூவரைக் கயிற்றில் தூக்கி வந்தவர்கள் இவர்கள். 2003 ஆகஸ்ட் 26 இரவு, சியுங் சாவ் தீவிலிருந்து நோயாளியை அழைத்துவரப் புறப்பட்ட இச்சேவையின் ஹெலிகாப்டர் லான்டாவ் தீவின் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த இருவரும் உயிரிழந்தார்கள். எங்களைப் போன்ற தீவுக்காரர் ஒருவருக்காகப் புறப்பட்டவர்கள் அவர்கள்.

ஆகவே விமானிகள், வான்குழுவினர், பராமரிப்புப் பொறியாளர்கள், தொழில்நுட்பர்கள் ஆகியோரின் பணியிடங்களுக்கு 2 சதவீதக் குறைப்பிலிருந்து முழு விலக்கு வேண்டும். பயிற்சி விமானிகளை எடுப்பது ஓர் ஆண்டுகூட நிற்கக் கூடாது. தேர்ச்சி பெற்றவர்களைத் தக்கவைக்கத் தனிப் படி தர வேண்டும். அதைத் தொழில்நுட்பர்களிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் விமானிகளுக்காகப் பேசும் அளவுக்கு அவர்களுக்காக யாரும் பேசுவதில்லை.