பாலூற்றும் நேரத்தில் குளுக்கோஸ் எதற்கு?

"இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." ரவுண்ட்ஸில் டாக்டர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்துவிடுவார். மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிற எந்த நர்ஸையும் கேட்டுப் பாருங்கள், எங்களுக்கு வேலை கூடுவதே அதற்குப் பிறகுதான். முற்றிய கேன்சர், கடைசிக்கட்ட சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தே தூங்கும் இதய நோயாளி. இவர்களுடைய நோய்க்கு வேண்டுமானால் செய்ய ஒன்றுமில்லாமல் இருக்கலாம். வலி, வாந்தி, மலச்சிக்கல், மூச்சுத்திணறல், வாய்ப்புண், பயம் என்று ஒவ்வொன்றுக்கும் செய்ய ஏதோ ஒன்று கடைசி மணி நேரம் வரை இருக்கிறது. வலி தணிப்பு சிகிச்சை என்பது இதைத்தான். அதை வீட்டாருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் கோபம்.

சொல்லாததால் என்ன ஆகிறது? "மூணு நாளா பச்சத் தண்ணி இறங்கல சிஸ்டர், ஒரு குளுக்கோஸாவது போடுங்க" என்று கெஞ்சுகிறார்கள். ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லிக்கு மேல் தேறாது. போகிற கட்டத்தில் உடம்புக்கு அந்தத் தண்ணீரைக் கையாளத் தெம்பு கிடையாது. அது காலில் வீக்கமாக, நுரையீரலில் நீராக, தொண்டையில் சளியாகப் போய்ச் சேரும். நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் குத்திக் கருத்துப்போவது தனிக் கொடுமை. சாப்பிடாததால் அவர் சாகவில்லை, உடம்பு அடங்கிக்கொண்டு வருவதால்தான் சாப்பாடு கேட்கவில்லை. (கீமோவுக்குப் பிறகு வாந்தி பேதியாகி வருகிறவருக்கு டிரிப்ஸ் கட்டாயம் வேண்டும், அது வேறு கதை. இதைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்திவிடாதீர்கள்.)

அவருக்கு உண்மையில் கஷ்டம் கொடுப்பது வாய் வறட்சி. அதற்கு டிரிப்ஸ் பெரிதாக உதவாது. சுத்தமான துணியை நனைத்து நாக்கையும் ஈறையும் அடிக்கடி துடைத்துவிட வேண்டும், உதட்டில் வாசலின் தடவ வேண்டும். நம் வீடுகளில் பாலூற்றும் வழக்கம் உண்டே, அதற்கு நான் எதிரியில்லை. நினைவில்லாதவர் வாயில் சங்கால் ஊற்றினால் புரையேறும். அதனால் பஞ்சில் நனைத்து உதட்டில் வையுங்கள் என்று சொல்வேன். மண் கரைத்த தண்ணீர் கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் இதே யோசனைதான். பேத்தி, கொழுந்தியா என்று ஒவ்வொருவராக வந்து பஞ்சை ஒற்றிவிட்டுப் போவார்கள். நோயாளிக்கும் தொந்தரவில்லை, வீட்டாருக்கும் மனக்குறை இல்லை.

அடுத்தது அந்தக் கரகர சத்தம். இழுத்துக்கொண்டிருக்கிறது என்போமே, அது. விழுங்கும் அனிச்சை போனபின் எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்க, மூச்சு அதன்மேல் போய்வரும் சத்தம். அநேகமாக அவர் அதை உணர்வதில்லை, கேட்கும் நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. உடனே சளியை உறிஞ்ச சக்‌ஷன் வைக்கச் சொல்வார்கள். தொண்டைக்குள் ஆழமாகக் குழாய் விடுவதுதான் அவருக்கு வேதனை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே பாதி குறையும். குறையாவிட்டால் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஊசி இருக்கிறது. மூச்சு வேகமாகி, மெதுவாகி, சற்று நின்று, மறுபடி தொடங்குவதும், முழங்காலில் ஊதாத் திட்டுகள் வருவதும் இந்தக் கட்டத்தில் வருபவைதான். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அலைய மாட்டார்கள்.

திடீரென்று ஒருவர் போர்வையை உதறுவார், டியூபைப் பிடுங்குவார், எழுந்து ஓடப் பார்ப்பார். கையைக் கட்டு, தூக்க ஊசி போடு என்று நாலு பேர் சொல்லும்போது அனுபவமுள்ள நர்ஸ் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். மூத்திரம் கட்டிக் கல் மாதிரி இருக்கும். குழாய் போட்டு வடியவிட்டால் மனிதர் தூங்கிப்போவார். எல்லா அமைதியின்மைக்கும் அதுதான் காரணமென்று இல்லை, ஆனால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது மார்பின், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து. 'அது குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க' என்று படித்தவர்களே சொல்கிறார்கள், சில நர்ஸ்களும் சொல்கிறார்கள், அதுதான் வருத்தம். குறைந்த அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்து ஏற்றினால் மூச்சை நிறுத்தாது. மாறாக, மூச்சுத்திணறலுக்கே சிறு அளவில் கொடுக்கிறோம். வலி வந்தபின் ஓடாமல், வருவதற்கு முன்பே நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதை வற்புறுத்திய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து டாக்டரானவர், 1967-இல் லண்டனில் கடைசிக்கட்ட நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். மார்பினோடு மலமிளக்கியும் சேர்த்தே எழுத வேண்டும், இல்லாவிட்டால் வலி போய் மலச்சிக்கல் உயிரை வாங்கும். கிட்னி கெட்டவருக்கு அளவு மாறும். சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு நம்முடையது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்கமே ஆலை வைத்திருக்கிறது. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடியால் நம் நோயாளிகள்தான் மாத்திரைக்கு அலைந்தார்கள். 2014 திருத்தம் அதைத் தளர்த்தியது. ஆஸ்பத்திரிகளின் பயம் இன்னும் தளரவில்லை.

"அப்ப இது கருணைக்கொலைதானே?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று எண்ணெய் தேய்த்து, இளநீர் கொடுத்து முதியவர்களை அனுப்பிவைப்பார்களே, அது கொலை. வலி தணிப்பு சிகிச்சை சாவைத் துரிதப்படுத்துவதும் இல்லை, இழுத்தடிப்பதும் இல்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார், 2015-இல் இறக்கும்வரை அதே ஆஸ்பத்திரி நர்ஸ்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள், உச்ச நீதிமன்றமே பாராட்டியது. அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாமா என்ற வழக்கில் வலுத்த விவாதம்தான் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் வந்து நின்றது. வென்டிலேட்டர் போன்றவை எனக்கு வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். சொத்துக்கு உயில் எழுதுகிறவர்கள் இதையும் எழுதலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வர ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வந்தால் மூன்றைக் கேட்டுவையுங்கள்: வலிக்கு என்ன மருந்து, அது ராத்திரி தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, கடைசி நாட்களில் என்னென்ன மாற்றம் வரும். அப்போது ராத்திரி கண் விழிக்கும் மருமகளைப் பேச விடுங்கள். அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் "எப்பாடுபட்டாவது ஐசியூல வைங்க" என்று சொல்லும் அண்ணனிடம் அப்புறம் விளக்கிக்கொள்ளலாம்.